பற்றவைக்கும் நேரம்

"இன்னும் ரெண்டு டிகிரி ஏத்துங்கண்ணே" என்றான் அவன், ஓட்டுநர் இருக்கையிலிருந்து.

பட்டறையில், சோதனை உருளைகளின் மேல் கட்டிப்போட்ட கார் நின்ற இடத்திலேயே அலறி அடங்கியிருந்தது. எஞ்சினின் அளவுகளைச் சரிபார்த்து வைக்கும் ட்யூனர், மடிக்கணினியும் கையுமாகப் பக்கத்தில் நின்றவர், ஹெட்போனைக் கழற்றினார். எஞ்சின் மேல் ஒட்டிவைத்த மைக்கின் சத்தம் அதில் வரும்.

"தம்பி, உள்ள யாரோ சுத்தியலால தட்டுற மாதிரி இருக்கு. நீங்களே கேளுங்க."

"வேணாம், எனக்குத் தெரியும்." அந்த எஞ்சினை நட்டு நட்டாகப் பூட்டியவனே அவன்தான்.

விளக்கம் சொல்லாமல் ஒரு வேலையும் செய்யமாட்டார் ட்யூனர். "ஊஞ்சல் தள்ளியிருக்கீங்களா? நம்மகிட்ட வந்து, திரும்புற நேரத்துல தள்ளணும். வந்துக்கிட்டு இருக்கும்போதே தள்ளினா கைதான் போகும். பிஸ்டனும் அப்படித்தான். டர்போ காத்தை அமுக்கித் திணிக்குது. திணிச்ச இடத்துல பெட்ரோல் சட்டுனு எரியும். அதனால பொறியைக் கொஞ்சம் தாமதமா விடணும். பொறி விழுற டிகிரியை ஏத்தினா, அது முன்னாடியே விழும். பிஸ்டன் மேல ஏறி வர்றப்பவே மண்டையில அடி."

"எஞ்சின் உடைஞ்சிடுமா?"

"உடையாது. தட்டுற சத்தம் வந்ததும் வண்டியோட கம்ப்யூட்டர் பயந்துபோய் டர்போ காத்தையும் சேர்த்து அடக்கிடும். ஆனா மேட்டுல வண்டி மூச்சு வாங்கும்."

"உடையாதுல்ல? அப்ப ஏத்துங்க."

"டிகிரியைக் குறைக்கலாம் தம்பி, கெஞ்சிக் கேக்குறேன்!"

"முடியாதுண்ணே."

சாப்பாட்டுப் பையோடு அப்போதுதான் உள்ளே நுழைந்த அவன் மனைவியின் காதில் விழுந்தது கடைசி இரண்டு வரிகள் மட்டுமே.

மறுநாள் மலைப்பாதைப் பந்தயம். ஜெயித்தால் ஒரு பெரிய அணி அவனைச் சேர்த்துக்கொண்டு வருஷம் முழுக்க ஊர் ஊராக அழைத்துப்போகும். தோற்றால் பட்டறை, வீடு, அவ்வளவுதான்.

அணியிடம் பேசி முடித்தவர் அவன் மாமனார். பந்தயத்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வளைவுகளைப் படித்துச் சொல்பவரும் அவரே. மாப்பிள்ளையின் கால் கொஞ்சம் தளர்ந்தாலும் தொடையில் ஒன்று வைப்பார். அவர் பேச்சுக்கு அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது.

அவன் மனைவியும் தன் அப்பா எதிரில் தலையாட்டியிருந்தாள். ஆனால் போன வாரம் வீட்டு வாசலில் பார்சல் கொடுக்க வந்த ஆளைப் பார்த்து, அவர்கள் குழந்தை "அப்பா" என்று கையை நீட்டியதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கணவன் டயர் வாங்கக் கிளம்பியதும் ட்யூனரிடம் வந்தாள். "அண்ணே, நீங்க சொன்னபடியே அதைக் குறைச்சிடுங்க. அவருக்குத் தெரிய வேணாம்."

ட்யூனர் முகம் மலர்ந்தது. "அப்பாடா! இந்தக் குடும்பத்துல மூளை உள்ள ஒரே ஆள் நீதாம்மா. ஏன் குறைக்கணும்னா, இப்ப ஒரு ஊஞ்சல் இருக்குன்னு வெச்சுக்க..."

"ஐயோ, விளக்கம் மட்டும் வேணாம்ண்ணே! வீட்டுல அவர் ஸ்பூனையும் டம்ளரையும் வெச்சு பிஸ்டன் ஓட்டிக் காட்டுறதே போதும். நீங்க குறைங்க."

மாத்திரையை முழுங்குவதுபோல் விளக்கத்தை முழுங்கிவிட்டு, அவர் டிகிரிகளைக் குறைத்தார்.

அவள் நிம்மதியாக வீடு திரும்பினாள். அடுப்பைக் குறைத்தால் தீ குறைகிறது, ரேடியோவைக் குறைத்தால் சத்தம் குறைகிறது. கார் மட்டும் என்ன வானத்திலிருந்தா குதித்தது?

மறுநாள் கார் மலையில் ஏறியதைப் பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். மாமனார் ஒரு வளைவைப் படித்து முடிப்பதற்குள் அந்த வளைவு பின்னால் போயிருந்தது. "அப்படித்தான் மாப்ளே, அமுக்குங்க, அமுக்குங்க!" என்ற அவர் கத்தல் உச்சி வரை ஓயவில்லை.

இரண்டாவதாக வந்த கார் உச்சியைத் தொட்டபோது, இவன் தலைக்கவசத்தைக் கழற்றி முகம் துடைத்து முடித்திருந்தான். அணியின் மேலாளர் கையைக் குலுக்கி, அடுத்த வாரமே கிளம்ப வேண்டும் என்றார். மாமனார் முன்பின் தெரியாதவர்களையெல்லாம் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்ததும் கணவனும் மனைவியும் வேனுக்குப் பின்னால் தனியாக நின்றார்கள். "நல்லா ஓட்டினீங்க" என்று ஆரம்பித்தவள் பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

"ஏன் அழறே? நீ ஆசைப்பட்டதுதானே நடந்திருக்கு?"

"யாரு ஆசைப்பட்டா? அப்பாவுக்குப் பயந்து தலையாட்டினேன். நீங்க தோத்துட்டு வீட்டோட இருக்கணும்னு, அந்த அண்ணன்கிட்ட சொல்லி அந்த டிகிரியைக் குறைச்சதே நான்தாங்க."

கத்தப்போகிறான் என்று எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். மெதுவாக ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். அவன் ஸ்டெப்னி டயர் மேல் பொத்தென்று உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அடிப்பாவி, தோக்கணும்னுதானேடி நான் ஏத்தவே சொன்னேன்!"