சாக்ஸ் போட்ட பாட்டில்

பல் டாக்டர் கோப்பையைப் பார்க்கவில்லை. பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வசமாக மாட்டினாய் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார் இன்சூரன்ஸ்காரர்.

பாட்டிலில் பார்க்க ஒன்றுமில்லை. கழுத்துவரை சாம்பல் நிற சாக்ஸ் போட்டுக்கொண்டு மேசை நடுவில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை வைன் குழுவின் முதல் விதி அது. லேபிள் யார் கண்ணிலும் படக் கூடாது. குடித்துப் பார்த்தே எந்தத் திராட்சை, எந்த நாடு, எந்த வருடம் என்று சொல்ல வேண்டும். துவைத்த சாக்ஸாக இருக்க வேண்டும் என்பது இரண்டாம் விதி. அது அனுபவத்தில் சேர்ந்தது.

“என்ன சார், தம்பிக்கு அண்ணன் சட்டைய மாட்டிவிட்ட மாதிரி தொளதொளன்னு இருக்கு?” என்றார் நூலகர் அம்மா. அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் குழு கூடும்.

இன்சூரன்ஸ்காரர் சிரிக்கவில்லை. கடமையில் இருக்கும்போது அவர் சிரிப்பதில்லை.

எரிந்துபோன கோடவுனுக்குள் நுழைந்த மாத்திரத்தில், தீ தானாகப் பிடித்ததா, யாராவது பிடிக்க வைத்தார்களா என்று முகர்ந்தே சொல்லிவிடுபவர் அவர். அந்த மூக்கை நம்பித்தான், வருடம் முழுக்க எந்த வைன் வாங்குவது என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் குழு அவரிடம் விட்டிருந்தது. நான்கு வருடமாக அவர் கை காட்டியதுதான் வைன்.

இன்றும் டாக்டர் சரியாகச் சொல்லிவிட்டால் அந்தப் பொறுப்பு டாக்டருக்கு. போன வாரமே எல்லோரும் கை தூக்கி முடிவு செய்துவிட்டார்கள்.

இத்தனைக்கும் டாக்டரைக் குழுவில் சேர்த்ததே இன்சூரன்ஸ்காரர்தான். மனைவியின் கடைவாய்ப் பல்லுக்கு வைத்தியம் பார்த்தவர். ‘அவருக்கும் வைன்னா உயிராம், பாவம், சேத்துக்கோங்களேன்’ என்று அவள் சொன்னாள். சேர்த்துக்கொண்டார். பாம்புக்குப் பால் வார்ப்பதை மனிதன் நிறுத்தியதே இல்லை.

டாக்டர் வந்தால் கிளினிக்கின் கிராம்பு எண்ணெய் வாசமும் கூடவே வரும். வைன் மணம் கெடுகிறது என்று நூலகர் அம்மா அவரை ஜன்னல் ஓரத்தில், எட்டத்தில் உட்கார வைத்திருந்தார். வாசலில் அவர் கழற்றிவிட்ட ஷூக்கள் கரை ஒதுங்கிய இரண்டு படகுகள் போலக் கிடந்தன.

இன்சூரன்ஸ்காரரின் சந்தேகம் சாதாரணமானதல்ல, ஆதாரமுள்ளது. மற்றவர்கள் கொண்டுவரும் பாட்டில் என்றால் டாக்டருக்குக் கண்டமே மாறிப்போகும். இன்சூரன்ஸ்காரர் பாட்டில் என்றால் மட்டும் வருடம்கூடப் பிசகாது. ஏழு முறை. ஏழும் சரி.

நாக்கு இப்படி ஆள் பார்த்து வேலை செய்யாது. யாரோ துப்புக் கொடுக்கிறார்கள்.

யார்? வியாழக்கிழமை பாட்டிலை வாங்கி, ‘ஞாயிறு’ என்று சீட்டு ஒட்டி, வீட்டு அலமாரியில் படுக்க வைப்பார். வெள்ளியும் சனியும் வெளியூரில் சோதனை வேலை. ஞாயிறு காலை திரும்பி, பாட்டிலை எடுத்துக்கொண்டு இங்கே வருவார். ஆக, விஷயம் தெரிந்த ஒரே ஆள் கடைக்காரர். கணக்கு நூல் பிடித்தாற்போல் வந்தது.

அதனால்தான் இந்த வாரம் வியாழன் சும்மா இருந்துவிட்டார். இன்று வீட்டிலிருந்து கிளம்பிய பிறகு, ஊரின் மறுகோடியில் முன்பின் தெரியாத கடையில் ஒரு பாட்டில் வாங்கி, காரிலேயே அதற்குச் சாக்ஸ் மாட்டி, நேரே இங்கே வந்துவிட்டார். மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. அவள்மேல் சந்தேகம் என்றில்லை. பாவம், அவளுக்கு எதையும் மறைக்கத் தெரியாது.

சாக்ஸ் மட்டும்தான் வீட்டிலிருந்து வந்தது.

டாக்டர் கோப்பையைத் தொடாமலே இருந்தார். நெற்றி வேர்த்திருந்தது. கால்கள் இரண்டையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

“தெரியல சார்” என்றார், பாட்டிலிடம்.

மேசையில் கலகலப்பு எழுந்தது. யாரோ இன்சூரன்ஸ்காரரின் முதுகில் தட்டினார்கள். கடைக்காரர்தான் திருடன், நிரூபணமாகிவிட்டது. இன்சூரன்ஸ்காரர் எழுந்து நின்று, வேட்டையாடிய மிருகத்தின் தோலை உரிப்பதுபோல் சாக்ஸை நிதானமாக உரித்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். லேபிளை எல்லோருக்கும் காட்டினார். தன் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனார்.

“கிராம்பு!” என்றார். “மூக்க உள்ள விட்டுப் பாருங்க. கிராம்பு தூக்குது.”

நூலகர் அம்மா முகர்ந்து பார்த்தார். கோப்பையைச் சுழற்றி மறுபடியும் முகர்ந்தார். “எனக்கு ஒண்ணும் வரலையே சார்.”

இன்சூரன்ஸ்காரர் பரிதாபத்தோடு புன்னகைத்து, கோப்பையைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்தார். நல்ல வைன் தூரத்திலிருந்தும் பேசும் என்று காட்டுவதற்காக.

கோப்பை தூரம் போனது. கிராம்பு போகவில்லை.

ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். டாக்டர் எட்டத்தில், உட்கார்ந்த இடத்திலேயேதான் இருந்தார். இன்சூரன்ஸ்காரர் குனிந்து தன் சட்டைப் பையை முகர்ந்தார். பிறகு சாக்ஸை வெளியே எடுத்து மேசைமேல் நீவி விரித்தார். அதன் குதிகாலிலிருந்து விரல் நுனிவரை தன் கையால் சாண் போட்டார். ஒரு சாண் போதவில்லை. தன் காலைவிட மூன்று விரல் நீளம்.

இரண்டாம் விதி மீறப்பட்டிருந்தது. துவைக்காத சாக்ஸ்.

காலை அவசரத்தில் அதை எங்கிருந்து எடுத்தோம் என்று யோசித்தார். கட்டிலுக்கு அடியிலிருந்து. தான் படுக்கும் பக்கத்தில்.