வானவில் சத்தியம்

பசிபிக் கடலில், கிரிபாட்டி நாட்டின் அபையாங் தீவில், ஊர் மன்றத்துப் பாய்களில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். கிணறுகளில் கடல்நீர் புகுந்துவிட்டது. கரையோரக் குடும்பங்கள் உள்பக்கம் குடிபோவதா வேண்டாமா என்பதே பேச்சு.

"எதுக்குப் போகணும்?" என்றார் போதகர் தானியேரா. "நோவா காலத்து வெள்ளம் உலகம் முழுக்க வந்தது. இனி வராதுன்னு கடவுள் வானவில்லை வச்சு சத்தியம் பண்ணியிருக்கார்."

ரோத்தியா எழுந்தாள். "சரி போதகரே, உலகம் முழுக்க வந்ததுன்னே வச்சுக்குவோம். அப்ப, உலகம் முழுக்க இனி வராதுன்னுதானே சத்தியம்? நம்ம ஒரு தீவு முழுகாதுன்னு எங்க சொன்னார்?"

"உனக்கு விசுவாசம் குறைவு!"

"விசுவாசம் நிறையவே இருக்கு. குடிக்கத் தண்ணிதான் இல்லை."

மன்றமே சிரித்தது. போதகர் தலைகுனிந்து உட்கார்ந்தார். குடிபோவதென்று முடிவாயிற்று.

வெளியே, அவளுடைய பாயையும் சுருட்டித் தூக்கிக்கொண்டு போதகர் கூடவே நடந்தார்.

"விசுவாசம் குறைவுன்னு கத்தினது நாம பேசிவச்சதுல இல்லையே!" என்றாள் ரோத்தியா.

"சும்மா தோத்தா நம்புவாங்களா? வீட்டுல நீ கேட்டப்பவே நான் தோத்தாச்சு. இத்தனை நாள் சொன்னதை நானா மாத்திச் சொன்னா, போதகர் பயந்துட்டார்னு இங்கேயே உக்காந்திருப்பாங்க" என்றார் அவள் கணவர்.

"எல்லாரும் உங்களைப் பாத்துச் சிரிச்சாங்களே..."

"சிரிச்சுக்கிட்டே கிளம்பறாங்கல்ல?"