இரண்டு ஜக் உப்புத்தண்ணீர்

பத்து நாள் வெளியூர் போய் வந்தவளின் பை இன்னும் தோளிலேயே தொங்குகிறது. உயிர்ப் பவளமும் கடல் மீனும் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியின் நீல வெளிச்சத்தில், தண்ணீரின் உப்பளவு காட்டும் உப்புமானியைத் தூக்கிப் பார்க்கிறாள். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நிற்கிறது. “தண்ணி வத்த வத்த தினமும் ரெண்டு ஜக் உப்புத்தண்ணி கலக்கி ஊத்தினேன், கடல் மீனாச்சே!” என்கிறான் கணவன், பெருமையாக. “ஐயோ, வத்துறது தண்ணி மட்டுந்தாங்க. உப்பு உள்ளேயே தங்கிடும்.” பவளங்கள் கைவிரல் மடக்கியதுபோல் சுருங்கிக் கிடக்கின்றன. முகம் வெளிறிப்போனவன் நல்ல தண்ணீர் வாளியை அப்படியே தூக்குகிறான். அவள் பாய்ந்து மணிக்கட்டைப் பிடிக்கிறாள். “மொத்தமா ஊத்தினா இருக்கிறதும் செத்துடும். சொட்டுச் சொட்டாத்தான் விடணும்.” வாளியிலிருந்து தொட்டிக்கு அவள் இழுத்துவிட்ட மெல்லிய குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுகிறது. அடுத்ததற்காக இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். எப்போதும் அவள் தலையைக் கண்டதுமே கண்ணாடியோரம் ஓடிவந்துவிடும் கோமாளி மீனை இன்னும் காணோம்.