சைக்கிள் மணி சொன்ன ஒரே சொல்

பனிமலைகளுக்கு நடுவே ஆற்றை ஒட்டிய பாதையில் காலையிலிருந்து ஒரு சைக்கிள் போய்க்கொண்டிருந்தது. அதன் மணிக்கு, ஓட்டுகிறவளின் கட்டைவிரல் பட்டால்தான் பேச்சு வரும். என்ன பேசுவது என்பது மட்டும் மணியின் இஷ்டம். நடப்பவர்கள், வாத்துகள் என்று யாரைப் பார்த்தாலும் அது "ஒதுங்கு" என்றே சொல்லிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் ஒரு நொண்டிப் பசு குறுக்கே நின்றது. அதன் கழுத்திலும் ஒரு மணி.

"அட, நம்ம ஜாதியா?" என்றது கழுத்து மணி. "மந்தையெல்லாம் மேலே போயிடுச்சு தம்பி. பேச ஆளே இல்லை. நீ எங்கேருந்து வர்றே?"

கட்டைவிரல் அழுத்தியது.

"ஒதுங்கு" என்றது சைக்கிள் மணி.

பசு ஓரமாக நகர்ந்து வழி விட்டது.

அடுத்த வளைவிலேயே விடுதி வந்துவிட்டது. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் உள்ளே போனாள்.

கொஞ்ச நேரத்தில் வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கழுத்து மணியின் குரல் வந்தது. "தம்பி, இருக்கியா?"

சைக்கிள் மணிக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. வந்த ஊர், பார்த்த பாலங்கள், பகலெல்லாம் கூடவே வந்த ஆறு. மன்னிப்பும் கேட்க வேண்டியிருந்தது.

கட்டைவிரல் உள்ளே சூப் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.