கூடுதல் பாரம்

பாரம் தாங்காமல் பிரேக் பிடிக்காத, செம்பனைக் குலை ஏற்றிய தோட்டத்து லோரி மோதி, உடையப்பனுக்கு ஒரு கால் போயிற்று. ஈப்போ கோர்ட்டில் அவனுக்குச் சாட்சி சொல்ல வந்தவன் பழனியப்பன் ஒருவன்தான்.

"லோரியில் அளவுக்கு மீறிப் பாரம் இருந்ததா?" என்று வக்கீல் கேட்டார்.

"தெரியாதுங்க."

அந்த லோரியில் குலை ஏற்றுகிறவனே அவன்தான்.

வழக்கு தோற்றது. நஷ்டஈடும் இல்லை, செயற்கைக் காலும் இல்லை. உடையப்பன் ஊன்றுகோலோடு தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பினான்.

ஒரு மாலை பழனியப்பன் வந்து, அவன் மடியில் ஓர் உறையை வைத்தான்.

"கால் வாங்கிக்க மச்சான். குலை ஏத்துற ஆளுங்க எல்லாம் சேர்ந்து குடுத்தது."

"கோர்ட்டுல வாய் வரல. இப்ப கை மட்டும் நீளுதோ?"

"உண்மையச் சொன்னா லோரிய நிறுத்திடுவாங்க லா. ரப்பர் மரத்தையும் வெட்டிட்டாங்க. டன் கணக்குக் கூலிய விட்டா நமக்கு வேற என்ன இருக்கு?"

உடையப்பன் உறையைப் பிரித்து நோட்டுகளை எண்ணினான்.

"இவ்வளவு காசு ஏது?"

பழனியப்பனின் முகம் மலர்ந்தது.

"உனக்காகத்தான் மச்சான், இந்த மாசம் பூரா கூடுதலா ஏத்துனோம். உன்னை மோதுன அன்னிக்கு இருந்ததைவிட ஒவ்வொரு நடைக்கும் ரெண்டு டன் அதிகம்."