கோச்சின் ஆள்

மார்கிலான் நகரத்து டீக்கடையில் துர்சுனும் ஸாகிரும் தங்கள் கால்பந்து கிளப்பின் கோச்சைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் புதிதாக ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கோச்சோட ஆளுண்ணே. போட்டுக் கொடுக்க வந்திருக்கான்," என்று ஸாகிர் கிசுகிசுத்தான்.

துர்சுனுக்கும் அப்படித்தான் பட்டது. அவருடைய கோப்பையில் விளிம்பு வரை டீ ஊற்றினான். அந்த ஊரில் பாதி ஊற்றினால் மரியாதை. நிரப்பினால், குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று பொருள்.

அவர் நிதானமாகக் குடித்தார். "உங்க கோச் அவ்வளவு மோசமா தம்பி?"

"பின்ன? லெஃப்ட் பேக்குக்கு முட்டி போயிருச்சு, அரைமணி நேரம்கூட ஓட மாட்டான். உயரமா பந்து வந்தா கோல்கீப்பர் கண்ணை மூடிக்கிறான். ஊருக்கே தெரியும், அந்த ஆளுக்கு மட்டும் தெரியல. போய் அப்படியே சொல்லுங்க," என்றான் துர்சுன்.

"கண்டிப்பா பயன்படும்," என்று அவர் எழுந்துபோனார்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் எதிரணி அந்த லெஃப்ட் பேக் பக்கமாகவே புகுந்து, பந்தை உயரத் தூக்கித் தூக்கியே மூன்று கோல் போட்டது.

"அவனுங்க புது கோச்சுக்கு என்னா மூளைண்ணே. நம்ம ஆளும் இருக்கானே," என்று ஸாகிர் தலையைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

துர்சுன் எதிரணியின் பெஞ்சைப் பார்த்தான். டீக்கடைக்கு வந்த மனிதர் அங்கிருந்து எழுந்து, நெஞ்சில் கைவைத்து அவனுக்கு சலாம் சொன்னார்.