தெரியாத சட்டம்

“‘மக்களுக்கு அறிவிக்காத சட்டம் சட்டமாகுமா?’ பரீட்சையில இந்தக் கேள்விதாம்பா கட்டாயம் வரும்,” என்றான் கங்கப்பன். பட்டணத்தில் சட்டம் படிக்கிறவன், விடுமுறைக்கு ஓசூர்ப் பக்கத்துக் கிராமத்துக்கு வந்திருந்தான்.

“நீ என்னன்னு எழுதுவ?” அப்பா ராமப்பன் களி உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

“ஆகாதுன்னுதான். தெரியாத ஒண்ணுக்கு எப்படிக் கட்டுப்படுவாங்க?”

சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்தான்.

“ஊர்க் கிணத்துக்கா? வேணாம் சாமி.”

“தீண்டாமை குத்தம்னு சட்டம் வந்து ஒரு வருஷம் ஆச்சுப்பா. இனி யாரு தடுப்பா?”

ராமப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தட்டைத் தள்ளி வைத்தார்.

அந்த வருஷம் கங்கப்பன் பரீட்சை எழுதவில்லை. எழுதுகிற கை மூன்று இடத்தில் முறிந்திருந்தது. கட்டுப்போட்ட அந்தக் கையோடு கோர்ட்டில் நின்றான்.

“அப்படி ஒரு சட்டம் இருக்கறதே எங்களுக்குத் தெரியாதுங்க,” என்றார்கள் அவனை அடித்தவர்கள். “எங்க ஊர்ல தண்டோரா போடவே இல்லீங்க.”

“பொய்யிங்க!” கங்கப்பன் கொதித்தான். “எல்லா உத்தரவுக்கும் எங்க ஊர்ல தண்டோரா உண்டு. போடறவரு எங்கப்பாதான். அதோ நிக்கறாரு, அவரையே கேளுங்க.”

மாஜிஸ்திரேட் வாசல் பக்கம் பார்த்தார்.

ராமப்பன் கைகூப்பினார். அவர் பார்வை மகனின் கையை விட்டு நகரவில்லை.

“முப்பது வருஷமா எல்லா உத்தரவும் போட்டேனுங்க. இது ஒண்ணு மட்டும் வேணாம்னு மணியக்காரர் சொன்னாருங்க.”

குரல் இறங்கியது.

“நான் போடலீங்க.”